பாலர் பள்ளியில் அசைவு நேரம்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பாலர் பள்ளி ஒரு வாடகைக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. நான்கு முதல் ஆறு வயது வரை இருபத்திரண்டு பிள்ளைகள். வாரத்தில் நான்கு நாள், வெயில் ஏறுவதற்குள், அரைமணி நேரம் பக்கத்துத் திடலில் அவர்களுக்கு அசைவுப் பயிற்சி கொடுக்கிறோம். புதுப் பிள்ளைகள் சேரும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகள் வாசலில் வந்து நிற்கும். வேன் காத்திருக்கும் அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

அசைவுப் பயிற்சி என்றால் என்ன? உடற்பயிற்சி வகுப்புதானே?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் எத்தனை முறை குதித்தான், யார் முதலில் வந்தான் என்று நாங்கள் எண்ணுவதில்லை. கண்ணும் காதும் தோலும் சொல்லும் சேதியை உடம்பு எப்படிக் கேட்டு நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். இதைப் புலனுணர்வு-இயக்க வளர்ச்சி என்பார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது, விஷயம் சின்னது.

ஒரு பந்தைப் பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை இரண்டு கையையும் கட்டை போல நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். பந்து கையில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை பந்து கிளம்பியதுமே ஓரடி நகரும், விரல்களை முன்கூட்டியே விரிக்கும். கையில் பலம் கூடியதால் மட்டும் வந்த மாற்றமில்லை இது. பந்து எங்கே வரும், எப்போது வரும் என்று கண் கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கைக் கையும் காலும் நம்புகின்றன.

ஐம்புலன் போக, வெளியே தெரியாத இரண்டு புலன்களும் இதில் வேலை செய்கின்றன. ஒன்று உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. தலை சாய்கிறதா சுற்றுகிறதா என்று அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் சொல்லும். இன்னொன்று தசைகளும் மூட்டுகளும் தரும் சேதி. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் சரியாக மூக்குக்கே போகிறதல்லவா, அதுதான்.

அந்த அரைமணி நேரத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

முதல் ஐந்து நிமிடம் நத்தை நடை. ‘சிப்புட்’ என்றால் மலாயில் நத்தை. நத்தை ஊர்ப் பிள்ளைகள் நத்தை மாதிரி நடக்காமல் எப்படி? வேடிக்கையாகத் தெரிந்தாலும், எங்களிடம் உள்ளதிலேயே கடினமான பயிற்சி இதுதான். வேகமாக ஓடும் பிள்ளைக்கு மெதுவாக நடக்க வராது. ஒரு காலைத் தூக்கி அடுத்த காலை வைப்பதற்குள் உடம்பு ஆடும், கைகள் விரியும், சிரிப்பு வந்துவிடும்.

அப்புறம் கயிற்றுப் பாதை. தரையில் தடித்த கயிற்றை வளைத்து வளைத்துப் போட்டு அதன்மேல் வெறுங்காலில் நடக்கச் சொல்வோம். பாதி வழியில் ஒரு நாற்காலி: அதன் அடியில் ஊர்ந்து வரவேண்டும். அடுத்து ஒரு டயர், உள்ளே இறங்கி ஏறவேண்டும். ஊரும்போது “அடியில்”, ஏறும்போது “மேலே”, வளையும்போது “சுற்றி” என்று பிள்ளையே வாய்விட்டுச் சொல்லவேண்டும். திசைச் சொற்களை அட்டையில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்த காலத்தில் அவை மறுநாளே மறந்துபோயின. நாற்காலிக்கு அடியில் முதுகு இடித்த பிள்ளைக்கு ‘அடியில்’ மறப்பதில்லை.

பிறகு பயறு மூட்டை. பழைய சாரோங் துணியில் தைத்து உள்ளே பச்சைப்பயறு போட்டது, உள்ளங்கையில் அடங்கும். பந்து மாதிரி உருண்டு ஓடாது, முகத்தில் பட்டாலும் வலிக்காது. பந்துக்குப் பயந்த பிள்ளை இதற்குப் பயப்படுவதில்லை. எறிவது, பிடிப்பது, தலையில் வைத்து நடப்பது, வலது கையால் எடுத்து இடது பக்கக் கூடையில் போடுவது. கடைசியில் ஐந்து நிமிடம் புல்லில் மல்லாந்து படுத்து, வயிற்றில் மூட்டையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்ப்பது. அந்த ஐந்து நிமிடம் எனக்கும் தேவைப்படுகிறது.

இதைச் செய்தால் பிள்ளை சீக்கிரம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வானா?

அப்படி நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. கொடுப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இந்த எண்ணம் வந்த வழியைச் சொல்கிறேன். 1960களில் அமெரிக்காவில் நியூவெல் கெஃபார்ட், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மரியான் ஃபிராஸ்டிக் போன்ற உளவியலாளர்கள், படிப்பில் பின்தங்கும் பிள்ளைகள் பலருக்குப் பார்த்துப் புரிந்துகொள்வதிலும் உடம்பை ஆள்வதிலும் தடுமாற்றம் இருப்பதைக் கவனித்தார்கள். தடுமாற்றத்தைச் சரிசெய்தால் படிப்பும் சரியாகும் என்று நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பள்ளிகளில் சமநிலைக் கட்டைகளும் புள்ளி இணைக்கும் பயிற்சித் தாள்களும் வந்து குவிந்தன. 1983இல் கவாலே, மேட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 180 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே வித்தியாசம் என்று சொல்லும்படி ஏதும் தேறவில்லை. கட்டைமேல் நன்றாக நடக்கப் பழகிய பிள்ளை கட்டைமேல் நன்றாக நடந்தது. அதனால் வாசிப்பு தானாக வந்துவிடவில்லை. வாசிப்பு வரவேண்டுமென்றால் எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மடியில் வைத்துக் கதை வாசிக்க வேண்டும். அதற்குத் தனி நேரம் வைத்திருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் பளபளப்பான கோப்போடு வந்தார். மூளையின் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் இணைக்கும் பயிற்சியாம், ஒரு பிள்ளைக்கு மாதம் நூற்றைம்பது வெள்ளியாம். இரு பக்கத்தையும் இணைக்கும் நரம்புக் கற்றை பிறக்கும்போதே இருக்கிறதே என்றேன். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பின்னே எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்?

ஓடவும் தாண்டவும் எறியவும் பிடிக்கவும் தெரிந்த பிள்ளையை மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். தெரியாத பிள்ளை ஓரத்தில் நிற்கிறது. ஓரத்தில் நிற்பதால் பழக்கம் குறைகிறது. பழக்கம் குறைவதால் இன்னும் ஓரத்துக்குப் போகிறது. முதலாம் ஆண்டில் சட்டைப் பித்தானைத் தானே போடுவது, உணவுத் தட்டைச் சிந்தாமல் தூக்கிவருவது, படிக்கட்டில் கூட்டத்தோடு இறங்குவது எல்லாம் உடம்புக் காரியங்கள்தான். இவை போதாதா? 2017இல் திருத்தப்பட்ட தேசிய பாலர் பள்ளிக் கலைத்திட்டமே உடல் வளர்ச்சியையும் அழகியலையும் சேர்த்து ஆறு கூறுகளில் ஒன்றாக வைத்தது. ஆனாலும் பல இடங்களில் பயிற்சிப் புத்தகம்தான் நாளை விழுங்கிவிடுகிறது. அதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. “இன்றைக்கு எத்தனை பக்கம் எழுதினான்?” என்று கேட்பார்கள், எத்தனை முறை குதித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

சும்மா விளையாட விட்டால் போதாதா? நாங்கள் அப்படித்தானே வளர்ந்தோம்?

இதை அதிகம் கேட்பவர்கள் தாத்தாக்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை. லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயை, தாண்டாமல் பக்கத்து வீட்டுக்குப் போகமுடியாது. கொய்யா மரம் இருக்கும். ஒருவர் உட்கார இன்னொருவர் இழுக்கப் பாக்கு மட்டை இருக்கும். ரப்பர் கொட்டை பொறுக்கக் குனிந்து குனிந்து நிமிரவேண்டும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, விடியுமுன் அம்மா அப்பா போய்விட, ஆயாக் கொட்டகையில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு நொண்டியும் கல்லாங்காயும் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சொல்லிக்கொடுத்தலைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். யாரும் ‘சும்மா’ கற்றுக்கொள்ளவில்லை. அக்காள் ஒருத்தி நின்று, “அப்படியில்லடி, காலை மடக்கு” என்று சொன்னாள்.

இன்றைக்குப் பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை. குடும்பங்கள் டவுனுக்கு வந்துவிட்டன. வீட்டு வாசலிலேயே மோட்டார் சைக்கிள் பறக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து மறுபடி வேன், அப்புறம் பாட்டியின் போன். திடலில் அவிழ்த்துவிட்டால் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் எறிதல், பிடித்தல், நொண்டுதல் மாதிரியான அடிப்படைத் திறன்கள் வெறுமனே ஓடவிடுவதால் அவ்வளவாக முன்னேறுவதில்லை, சொல்லிக்கொடுத்துப் பழக்கினால் முன்னேறுகின்றன என்றுதான் ஆய்வுகளும் காட்டுகின்றன. அக்காள் செய்த வேலையை இப்போது டீச்சர் செய்கிறாள், அவ்வளவுதான்.

எந்த வயதில் என்ன வரவேண்டும்?

தேதி வைத்துப் பார்க்காதீர்கள். பொதுவாக, மூன்று வயதில் மூன்று சக்கர சைக்கிள் மிதிக்கும், வட்டம் பார்த்து வட்டம் வரையும். நான்கில் ஒற்றைக்காலில் சில நொடி நிற்கும், கூட்டல் குறி மாதிரி குறுக்குக்கோடு போடும், கத்தரிக்கோலால் தாளை வெட்ட முயலும். ஐந்தில் நொண்டி அடிக்கும், சதுரம் வரையும், முக்கோணத்தில் கொஞ்சம் திணறும். சாய்கோடு எல்லாருக்கும் கடைசியில்தான் வரும். ஆறு மாதம் முன்பின் ஆவது சாதாரணம். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக வைக்கவேண்டாம். அந்தப் பிள்ளையின் அம்மா உங்கள் பிள்ளையை வைத்து அளந்துகொண்டிருப்பார்.

மகள் எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறாள். கண்ணில் கோளாறா?

ஐந்து, ஆறு வயதில் மிகச் சாதாரணம். நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியை ஒரே சமயத்தில் தொடங்குகிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு கரண்டியை இந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் திருப்பினாலும் அது கரண்டிதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறாள். திடீரென்று மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான ரூமி (ரோமன்) எழுத்தில், வயிறு வலப்பக்கம் இருந்தால் ‘பி’, இடப்பக்கம் இருந்தால் ‘டி’ என்கிறோம். தமிழிலோ ‘கெ’ என்று சொல்லும்போது ‘க’ முதலில் கேட்கிறது, எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ‘கொ’வுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. குழம்பாமல் என்ன செய்வாள்?

ஃபிராஸ்டிக் பார்வைப் புலனுணர்வை ஐந்தாகப் பிரித்தார். அவர் செய்த பயிற்சித் தாள்கள் வாசிப்பைக் கொண்டுவரவில்லை என்றாலும், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கவனிக்க அந்தப் பிரிவு எனக்கு உதவியிருக்கிறது. கண்ணும் கையும் சேர்வது. கூட்டத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது. அளவோ சாய்வோ மாறினாலும் உருவத்தை அடையாளம் காண்பது. ஒரு பொருள் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று அறிவது. இரண்டு பொருளுக்கு இடையே உள்ள தூரத்தையும் உறவையும் அறிவது. இந்த ஐந்தையும் ஒரு புள்ளிக் கோலத்தில் பார்க்கலாம். வாசலில் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கொடுங்கள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போவது என்று அவள் நின்று யோசிக்கும் அந்த நொடியைப் பாருங்கள், எங்கே சிக்குகிறாள் என்று உங்களுக்கே தெரியும். மாவு சிந்தினால் எறும்பு தின்னட்டும்.

ஏழு வயதுக்குப் பிறகும் எழுத்துகள் திரும்பிக்கொண்டே இருந்தாலோ, சொற்களின் ஒலியைப் பிரித்துச் சொல்லவே வராமல் போனாலோ, பள்ளியில் பேசுங்கள். வாசிப்புக் குறைபாடு பெரும்பாலும் ஒலியைக் கையாள்வதில் வரும் சிக்கல். கண் பயிற்சியால் அது தீராது.

பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான். அடிக்கலாமா?

கூடாது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும், வருடக் கணக்கில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். மூன்று விரல் பிடி பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில்தான் நிலைக்கும். அதற்குள் சப்பாத்தி மாவை உருட்டவிடுங்கள், துணி காயப்போடும் கிளிப்பைக் கிள்ளவிடுங்கள், வேர்க்கடலை உரிக்கவிடுங்கள். முழுப் பென்சிலுக்குப் பதில் விரல் நீளத் துண்டு வண்ணக்கட்டி கொடுத்துப் பாருங்கள். முஷ்டியில் பிடிக்க அதில் இடமிருக்காது.

இடது கைப் பழக்கத்தை மாற்றவேண்டுமா?

வேண்டாம். சாப்பாட்டுக்கு வலது கை என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், அதை மட்டும் குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எழுதும் கையைத் தொடாதீர்கள்.

வீடு சின்னது, சாமான் வாங்கப் பணமில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

இரண்டு வெள்ளிக் கடைக்குக்கூடப் போகவேண்டாம். தலையணைகளைத் தரையில் பரப்பி, தரை தொடாமல் சமையலறைக்குப் போகச் சொல்லுங்கள். ஓரடிச் சதுரத் தரைக்கல் இருந்தால் பாண்டிக் கட்டம் ரெடி. பழைய காலுறையைச் சுருட்டினால் பந்து, துணிக்கூடை கோல். மாடிப்படி ஏறும்போது வலது இடது சொல்லச் சொல்லுங்கள். அரிசி மூட்டையைத் தள்ளுவது, நனைந்த துணி வாளியை இரண்டு கையால் தூக்குவது போன்ற கனமான வேலைகள் தசைக்கும் மூட்டுக்கும் நல்ல சேதி தருகின்றன. வேலையும் முடியும்.

பழைய டயர் வைப்பதானால் ஓர் எச்சரிக்கை. மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு. அடிப்பக்கம் நான்கைந்து துளை போட்டு, வேலை முடிந்ததும் கூரைக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். செம்பனை மட்டையை விளையாடக் கொடுக்காதீர்கள், காம்பு முழுக்க முள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? போன் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுதும் சேர்த்து குறைந்தது 180 நிமிட உடலசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி. உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். எங்கள் அரைமணி இதில் ஒரு மூலைக்குத்தான் வரும். மிச்சம் உங்கள் கையில்.

தம்பிக்குச் சக்கர வாக்கர் வாங்கலாமா? சீக்கிரம் நடப்பானாமே?

உட்காரவைக்கும் சக்கர வாக்கர் சீக்கிரம் நடக்கவைக்காது. படிக்கட்டில் உருண்டு அடிபட வைக்கும். கனடா 2004இல் அதை விற்பதையே தடைசெய்துவிட்டது. நம் ஊரில் ஒரு காலத்தில் மரத்தில் செய்த நடைவண்டி வேறு சங்கதி. அதில் பிள்ளை தன் காலில் நின்று தானே தள்ளும்.

எப்போது கிளினிக்கில் காட்டவேண்டும்?

நான்கு வயதாகியும் படியில் தானாக ஏறமுடியாமல் திணறினால், எப்போதும் நுனிக்காலில் நடந்தால், ஒரே பக்கக் கையையே பயன்படுத்தி மறுகையைத் தொங்கவிட்டால், தரையிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் தொடையில் கை ஊன்றினால், முன்பு செய்ததை இப்போது செய்யமுடியாமல் போனால் காத்திருக்கவேண்டாம். குறிப்பாகக் கடைசி இரண்டுக்கும். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கோ ஈப்போ பெரிய மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள். அங்கே ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ (அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) என்ற பலகை போட்ட பிரிவில்தான் இதற்கென்று படித்தவர்கள் இருப்பார்கள். அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று ஒன்று உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கலாம். ஐந்து வயதுக்கு முன் பொதுவாக அந்தப் பெயர் வைப்பதில்லை. அது சோம்பேறித்தனமும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. நாங்கள் டீச்சர்கள், கவனித்ததைச் சொல்வோம். நோய்க்குப் பெயர் வைப்பது எங்கள் வேலையில்லை.

சிலம்பமும் பரதமும் போகிறாளே, அது போதாதா?

நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் அங்கே ஒரே அடவைப் பத்து முறை சரியாகச் செய்யவேண்டும். இங்கே ஒரே காரியத்தைப் பத்து விதமாகச் செய்து பார்க்கலாம். இரண்டும் இருக்கட்டும்.

என் மகன் ஒன்றும் செய்யாமல் ஓரத்தில் நிற்கிறானாமே?

நின்றால் நிற்கட்டும். இழுத்துவிடமாட்டோம். போன தவணை ஐந்து வயதுப் பையன் ஒருவன். திடலின் ஓரத்தில் ஒற்றைப் படி, என் முழங்காலுக்கும் தாழ்வு. மற்றவர்கள் ‘தொப் தொப்’ என்று குதிப்பார்கள். இவன் மேலே நின்று, ஒரு காலை நீட்டித் தரையைத் தேடுவான், எட்டாது, உட்கார்ந்து வழுக்கி இறங்குவான். கால் தரையில் படும்வரை தரை இருக்கிறது என்று அவனுக்கு நம்பிக்கையில்லை. படிக்குக் கீழே ஒரு செங்கல்லைப் போட்டேன். படியிலிருந்து செங்கல், செங்கல்லிலிருந்து தரை. இரண்டு வாரம் அப்படியே இறங்கினான். ஒரு நாள் யாரோ ஒரு குறும்புக்காரி செங்கல்லைத் தூக்கி மண்வீடு கட்டக் கொண்டுபோய்விட்டாள். இவன் வந்து நின்று பார்த்தான். “டீச்சர், கல்லக் காணோம்” என்றான். “ஆமாப்பா, காணோம்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு குதித்தான். அன்றைக்குப் பதினான்கு முறை குதித்தான், பதினைந்தாவது முறை விரல் வேண்டாம் என்றான்.

ஒரு நாள் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. திங்கள் முதல் வியாழன் வரை, காலை ஒன்பதுக்கு முன் வந்துவிடுங்கள். பாவாடை, சேலை எதுவானாலும் நாற்காலிக்கு அடியில் ஊர்ந்து வரத் தோதாக இருக்கட்டும். ஏனென்றால் பார்க்க வரும் பெரியவர்களையும் பிள்ளைகள் வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். சிலிப்பரைக் கயிற்றுப் பாதைக்கு முன்னால் கழற்றி வையுங்கள். மழை வந்தால் நடைக்கூடத்தில் நடக்கும், அன்றைக்கு டயர் மட்டும் கிடையாது.